கணினிக்குள் பூமியைக் கட்டியவர்கள்

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தை ஒட்டி ஃபாக்னர் என்று ஒரு குடியிருப்புப் பகுதி இருக்கிறது. தாழ்வான வீடுகள், சின்னத் தோட்டங்கள், அமைதியான தெருக்கள். 2020 ஆகஸ்டில் அந்த வீடுகளுக்கு நடுவே 212 மாடிக் கட்டடம் ஒன்று திடீரென்று எழுந்து நின்றது. நிஜமான ஃபாக்னரில் அல்ல, அந்த மாதம் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில். வீட்டில் உட்கார்ந்தபடி விமானம் ஓட்டுகிறவர்கள் எங்கெங்கிருந்தோ அந்தக் கட்டடத்தைப் பார்க்கவே மெல்போர்னுக்குப் பறந்து போனார்கள்.

அது எப்படி வந்தது? ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்று ஓர் உலக வரைபடம் இருக்கிறது. அதில் யார் வேண்டுமானாலும் தங்களுக்குத் தெரிந்த தெருவையும் கட்டடத்தையும் சேர்க்கலாம். ஒருவர் மாடிகளின் எண்ணிக்கை என்ற இடத்தில் 2 என்று போடுவதற்குப் பதில் 212 என்று தட்டிவிட்டார். வேறொருவர் அதைப் பார்த்துத் திருத்தியும் விட்டார். ஆனால் திருத்துவதற்கு முன்பே எடுத்த பிரதிதான் சிமுலேட்டருக்குள் போயிருந்தது. எண் சொன்னபடி கணினி மாடி மேல் மாடியாக அடுக்கிவிட்டது.

இந்தச் சம்பவம் எனக்கு மிகவும் பிடிக்கும். சிமுலேட்டரில் கீழே தெரிகிற ஊரும் மலையும் யாரோ உட்கார்ந்து வரைந்த ஓவியம் அல்ல என்பதை அது காட்டிக் கொடுத்துவிட்டது. அங்கே இருப்பதெல்லாம் எண்கள். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் எங்கோ, என்றோ, யாரோ அளந்த ஓர் அளவு இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு பறந்தால் விளையாட்டின் சுவையே வேறு.

முதன்முதலில் வீட்டுக் கணினிக்கு வந்த சிமுலேட்டரில் இத்தனை எண்கள் கிடையாது. புரூஸ் ஆர்ட்விக் என்ற பொறியாளர் 1980 வாக்கில் ஆப்பிள் 2 கணினிக்காக அதை எழுதினார். தரை என்றால் கோடு போட்ட கட்டங்கள்தான். தூரத்தில் சில முக்கோணங்கள் தெரியும், அவைதான் மலை. 1982இல் அவருடைய அடுத்த படைப்பு மைக்ரோசாஃப்ட் பெயரில் வந்தது. இன்று அந்த வரிசையில் வந்திருக்கும் சிமுலேட்டரோடு, எக்ஸ்-பிளேன், ஃப்ளைட்கியர் என்று வேறு சிலவும் இருக்கின்றன. ஃப்ளைட்கியர் தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கியது, முழுக்க இலவசம். தொடங்குகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

சரி, பூமியை எப்படிக் கணினிக்குள் கட்டுகிறார்கள்?

முதலில் மேடு பள்ளம். மிகப் பெரிய புள்ளிக் கோலம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே 30 மீட்டர். ஒவ்வொரு புள்ளியின் பக்கத்திலும் ஓர் எண், கடல் மட்டத்திலிருந்து அந்த இடம் எத்தனை மீட்டர் உயரம் என்று. புள்ளிகளை அந்தந்த உயரத்துக்குத் தூக்கி நிறுத்தி, கோடுகளால் இணைத்தால் தரை தயார்.

இந்த எண்களை உலகம் முழுவதற்கும் எடுப்பது சாதாரண வேலையா? 2000 பிப்ரவரியில் நாசாவின் எண்டெவர் விண்கலம் 11 நாள் பூமியைச் சுற்றி அதைச் செய்தது. கலத்தின் சரக்கு அறையில் ஒரு ரேடார் ஆன்டெனா. 60 மீட்டர் நீளக் கம்பத்தை வெளியே நீட்டி, அதன் நுனியில் இன்னோர் ஆன்டெனா. கலத்திலிருந்து கிளம்பிய ரேடியோ அலை தரையில் பட்டுத் திரும்பி இரண்டுக்கும் வரும். இரண்டும் வேறு வேறு இடத்தில் இருப்பதால் அலை கடக்கிற தூரத்தில் மிகச் சிறிய வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசத்தை வைத்துத் தரையின் உயரத்தைக் கணக்கிட்டார்கள். உலக நிலப்பரப்பில் சுமார் 80 சதவீதத்துக்கு இப்படி உயரம் கிடைத்தது.

ஆனால் 30 மீட்டர் இடைவெளிக்குள் என்ன இருந்தாலும் அந்தப் புள்ளிகளுக்குத் தெரியாது. திருச்சி மலைக்கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 83 மீட்டர் உயரப் பாறை, பக்கங்கள் கிட்டத்தட்டச் செங்குத்து. அதன் மேல் விழுவது சில புள்ளிகள்தான். பக்கத்துப் புள்ளியோடு கோடு போட்டு இணைக்கும்போது செங்குத்துப் பாறை சரிவான மேடாகிவிடும். அடர்ந்த காட்டில் வேறொரு சிக்கல். ரேடார் அலை பெரும்பாலும் மரங்களின் தலையிலேயே பட்டுத் திரும்பிவிடும், அதனால் தரை சில மீட்டர் உயர்ந்து போகும்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சென்னை விமான நிலையத்தை அடுத்து இருக்கிறதே பரங்கிமலை, அதன் அருகேதான் 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற அதிகாரி இந்தியாவை அளக்கும் பெரும் வேலைக்கு முதல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். பெரும்பாக்கம் குன்று வரை சுமார் 12 கிலோமீட்டர். எஃகுச் சங்கிலியை நீட்டி நீட்டி அளந்து முடிக்க 57 நாள் ஆனது. அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணத்துக்கு மேல் முக்கோணமாகக் கட்டிக்கொண்டே போய், பின்னால் வந்தவர்கள் இமயமலை வரை அளந்தார்கள். கோணம் பார்க்க அவர் வைத்திருந்த தியோடலைட் கருவி அரை டன் எடை. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் அதை ஏற்றும்போது கயிறு நழுவி, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து தன் கையாலேயே அதை நிமிர்த்திச் சரிசெய்தார். இன்று சென்னையின் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் சிமுலேட்டர் விமானத்தை நிறுத்திவிட்டுச் சுற்றிலும் பார்த்தால், அந்த வேலை தொடங்கிய இடத்தின் பக்கத்தில்தான் நீங்கள் நிற்கிறீர்கள்.

மேடு பள்ளம் முடிந்தது. அதன் மேல் போர்த்துவது புகைப்படம். செயற்கைக்கோளும் விமானமும் மேலிருந்து எடுத்த படங்களைச் சதுரங்களாக வெட்டி வைத்திருக்கிறார்கள். இதில் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. முழு உலகமும் ஒரே சதுரம் என்று தொடங்குங்கள். அதை நான்காக வெட்டினால் முதல் நிலை. ஒவ்வொன்றையும் மறுபடி நான்காக வெட்டினால் இரண்டாம் நிலை, 16 சதுரம். பத்தாம் நிலைக்கு வரும்போது 10,48,576 சதுரம். பதினாறாம் நிலையில் 429 கோடிக்கும் மேல்! அந்த நிலையில் பூமத்திய ரேகை அருகே, படத்தின் ஒரு சின்னப் புள்ளி சுமார் 2.4 மீட்டர் தரையைக் காட்டும். ஒரு கார் இரண்டே புள்ளிதான்.

2020இல் வந்த மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரின் உலகத் தரவு 2 பெட்டாபைட்டுக்கு மேல், அதாவது 20 லட்சம் ஜிபி. எந்த வீட்டுக் கணினியிலும் அது அடங்காது. அதனால் நீங்கள் எங்கே பறக்கிறீர்களோ அதைச் சுற்றியுள்ள சதுரங்கள் மட்டும் இணையத்தில் வந்து சேரும். தூரத்தில் இருப்பதற்கு ஆரம்ப நிலைகளின் பெரிய சதுரம் போதும், நெருங்க நெருங்க நுணுக்கமான சதுரம் வரும். இணையம் மந்தமாக இருந்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கீழே ஒரு பச்சைத் திட்டு மங்கலாகக் கிடக்கும். சில நொடியில் அதில் வரப்புகள் தெரியும். இன்னும் சில நொடியில் வயலுக்கு நடுவே போகும் சாலை தெரியும். பலர் இதைக் குறை என்பார்கள். எனக்கு அது வேடிக்கை பார்க்க வேண்டிய இடம், ஏனென்றால் கணினி வேலை செய்வது அப்போதுதான் வெளியே தெரிகிறது.

கட்டடங்கள் எங்கிருந்து வருகின்றன? ஒவ்வொன்றையும் மனிதர்கள் வரைய முடியாது. அந்தச் சிமுலேட்டருக்காக ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்தில் உள்ள பிளாக்ஷார்க் என்ற நிறுவனம், படத்தில் கூரைகளைத் தேடிக் கண்டுபிடிக்கக் கணினிக்குப் பயிற்சி கொடுத்தது. கூரையின் வடிவம், நிறம் எல்லாம் பார்த்துக் கணினி ஊகித்து எழுப்பிய கட்டடங்கள் சுமார் 150 கோடி. ஊகம்தானே, தவறும். லண்டனில் ராணியார் வசித்த பக்கிங்ஹாம் அரண்மனையே சாதாரண அலுவலகக் கட்டடமாக எழுந்து நின்றது.

இப்படிப்பட்டவற்றைச் சரிசெய்யத்தான் சீனரி அப்டேட், அதாவது நிலக்காட்சியைப் புதுப்பிப்பது. 2021 பிப்ரவரியில் பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் ஒன்று வந்தது. லண்டன், ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் போன்ற நகரங்களில் ஊகத்தை எடுத்துவிட்டு, ஒரே கட்டடத்தைப் பல கோணங்களில் எடுத்த விமானப் படங்களிலிருந்து அதன் உண்மையான வடிவத்தைக் கணக்கிட்டு வைத்தார்கள்.

தவறு இல்லாவிட்டாலும் அப்டேட் தேவை, ஏனென்றால் பூமி சும்மா இருப்பதில்லை. சென்னையின் இரண்டாம் ஓடுபாதை அடையாற்றின் மேல் கட்டிய பாலத்தைக் கடந்து போகிறது. எண்டெவர் அளந்த 2000இல் அந்தப் பாலம் இல்லை. பழைய எண்களை மட்டும் நம்பினால் ஓடுபாதை நடுவில் ஆற்றுக்குள் இறங்கி ஏறும்! ஓடுபாதையின் பெயர்கூட மாறும். காந்த ஊசி காட்டும் திசையைப் பத்தால் வகுத்து ஓடுபாதைக்கு எண் வைக்கிறார்கள். 70 பாகையை நோக்கினால் 07, எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தால் 25. பூமியின் காந்த வடதுருவம் மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பதால், லண்டனுக்கு அருகே ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் 05 என்று எழுதியிருந்ததை 2009இல் 04 என்று மாற்றினார்கள். ஓடுபாதை ஓர் அங்குலமும் நகரவில்லை! நிஜ விமானிகளுக்கு வழித்தட விவரங்கள் 28 நாளுக்கு ஒருமுறை புதிதாக வருகின்றன. அவற்றையே சிமுலேட்டருக்கும் வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சில சமயம் ஓர் இடமே மறைந்துவிடும். அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் ஏரிக் கரையோரம் மெய்க்ஸ் ஃபீல்ட் என்ற சிறிய விமான நிலையம் இருந்தது. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரைத் திறந்தால் பல ஆண்டுகள் அங்கேதான் விமானம் நிற்கும். 2003 மார்ச் இறுதியில் ஓர் இரவு, மேயரின் உத்தரவில் புல்டோசர்கள் வந்து ஓடுபாதையைத் தோண்டிப் போட்டன. இப்போது அங்கே பூங்கா. பின்னால் வந்த பதிப்பில் சிமுலேட்டரிலிருந்தும் மெய்க்ஸ் போய்விட்டது. அங்கே பறக்கக் கற்றவர்கள் சும்மா இருப்பார்களா? தாங்களே அதைக் கட்டி ஆட்-ஆனாக வெளியிட்டார்கள்.

ஆட்-ஆன் என்பது அதுதான், மூலச் சிமுலேட்டரோடு வேறு யாரோ செய்து சேர்க்கும் பகுதி. ஒரு விமான நிலையமாக இருக்கலாம், ஒரு விமானமாக இருக்கலாம், வானிலையாக இருக்கலாம். எக்ஸ்-பிளேனில் பல விமான நிலையங்கள் தன்னார்வலர்கள் வரைந்து அனுப்பியவை. புது விமானம் ஒன்றைச் சேர்த்தால் அதன் படம் மட்டும் வருவதில்லை, பறக்கும் விதமும் வர வேண்டும். ஃப்ளைட்கியரில் பல விமானங்களுக்கு, எந்த வேகத்தில் எந்தக் கோணத்தில் எவ்வளவு தூக்குவிசை என்று அட்டவணைகள் இருக்கும். எக்ஸ்-பிளேன் வேறு வழியில் போகிறது. இறக்கையைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் மீதும் காற்று தரும் விசையை நொடிக்குப் பலமுறை கணக்கிட்டுக் கூட்டுகிறது.

ஆட்-ஆன் விஷயத்தில் என் கட்சி இது: அவசரப்பட்டுக் காசு கொடுத்து வாங்காதீர்கள். முதலில் உடன் வரும் சின்ன விமானத்தில் நன்றாகப் பழகுங்கள். இலவசமானாலும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, நம்பகமான இடத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். ஒன்றைச் சேர்த்து, பறந்து பார்த்து, பிறகு அடுத்ததைச் சேருங்கள். பத்தை ஒரேயடியாகச் சேர்த்துவிட்டுக் கணினி நின்றுபோனால் எது காரணம் என்று தெரியாது.

பறக்கலாமா? ஃப்ளைட்கியரில் செஸ்னா 172 விமானத்தை எடுங்கள். நான்கு பேர் உட்காரும் சிறிய விமானம், உலகத்திலேயே அதிகம் தயாரிக்கப்பட்டது. விமான நிலையம் என்ற இடத்தில் விஓஎம்எம் என்று சென்னையின் குறியீட்டைக் கொடுத்து, ஓடுபாதை 07ஐத் தேர்ந்தெடுங்கள். எஞ்சினின் விசையைக் கூட்டும் த்ராட்டிலை முழுவதும் தள்ளுங்கள். வேகமானி 55 நாட் (விமான வேகத்தை அளக்கும் அலகு) காட்டியதும் ஸ்டிக்கை மெதுவாகப் பின்னால் இழுங்கள். 3,658 மீட்டர் ஓடுபாதையில் சுமார் 300 மீட்டரிலேயே சக்கரம் தரையை விட்டுவிடும். பரங்கிமலை கீழே போகும், எதிரே கடல்.

ஒரு சோதனை. உயரத்துக்குப் போய் 100 நாட் வேகத்தில் நேராகப் பறந்துவிட்டு, த்ராட்டிலைக் குறைத்து, உயரம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேகம் குறையக் குறைய மூக்கைத் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால், அதே கோணத்தில் தூக்குவிசை நான்கில் ஒரு பங்குதான். குறைந்ததை ஈடுகட்டக் கோணத்தை அதிகமாக்குகிறீர்கள். ஓர் அளவுக்கு மேல் போனால் இறக்கையின் மேல் ஓடும் காற்று பிய்ந்துபோய், மூக்கு தானாகக் கீழே விழும். அதுதான் ஸ்டால். மூக்கைக் கீழே விட்டு, த்ராட்டிலைத் தள்ளினால் மீண்டுவிடலாம். இதை நிறைய உயரத்தில் மட்டும் செய்து பாருங்கள்.

இறங்குவதற்கு மேற்கே போய்த் திரும்பி வாருங்கள். இடது பக்கம் செம்பரம்பாக்கம் ஏரி தெரியும். ஓடுபாதையின் ஓரத்தில் நான்கு விளக்குகள் வரிசையாக இருந்தால் அவற்றைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரியான 3 பாகைச் சரிவில் வருகிறீர்கள். ஓடுபாதைக்கு 5 கிலோமீட்டர் முன்னால் அதன் மட்டத்திலிருந்து சுமார் 260 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். நான்கும் வெள்ளை என்றால் மிக உயரம், நான்கும் சிவப்பு என்றால் மிகத் தாழ்வு. முதல் சில முறை விமானம் தரையில் குதித்துக் குதித்துத்தான் நிற்கும், எல்லோருக்கும் அப்படித்தான்.

இறங்கப் பழகிய பிறகு, வானிலைப் பக்கத்தைத் திறந்து காற்றை மட்டும் மாற்றுங்கள், தெற்கிலிருந்து 10 நாட் என்று. விமானம் அதேதான், ஓடுபாதையும் அதேதான். இப்போது ஓடுபாதையின் நடுக்கோட்டை விட்டு விலகாமல் வர வேண்டுமானால் மூக்கை எந்தப் பக்கம், எத்தனை பாகை திருப்பி வைக்க வேண்டியிருக்கிறது என்று திசைமானியில் பார்த்து எழுதி வையுங்கள். அடுத்து காற்றை 5 நாட் என்று மாற்றிப் பாருங்கள்.