பழைய இறக்குமதிக் காரின் ஏ.சி.: கேஸ் தீர்வதில்லை, கசிகிறது!

மே மாதத்து மும்பையைப் பற்றி மும்பைவாசிகளுக்கு விளக்கத் தேவையில்லை. வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளை வாட்டும். சயான் சிக்னலில் பத்து நிமிடம் நின்றால் சட்டையைப் பிழிந்து காயப்போட வேண்டியதுதான். ஏ.சி. இருந்தும் குளிராத காரில் இருப்பவர் பாடு இன்னும் மோசம். கண்ணாடியை இறக்குவதா, இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்பதா என்ற தவிப்பும் சேர்ந்துகொள்ளும்.

1980களில் வெளிநாடுகளில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள், சுங்க வரி கட்டிச் சில சிறிய ஜப்பானியக் கார்களைக் கொண்டுவந்தார்கள். ஹோண்டா சிவிக், டொயோட்டா கொரோலா போன்ற அந்த வண்டிகளில் சில, கை மாறிக் கை மாறி, இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. என்ஜின் லேசில் மக்கர் செய்வதில்லை. தகராறெல்லாம் ஏ.சி.யில்தான். இத்தகைய வண்டிகளுக்குச் சம்பள டிரைவர்களாக நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆசைப்பட்டு மூன்றாம் கை, நான்காம் கையாக வாங்கிவிட்ட குமாஸ்தாக்களும் உண்டு.

இவர்கள் வண்டியை கேரேஜுக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: "கேஸ் கதம் ஹோ கயா, பாய்." அரை மணியில் கேஸ் அடித்துப் பணத்தை வாங்கிக்கொள்கிறார்கள். அன்று மாலை ஊட்டிக் குளிர். மூன்றாவது வாரம் பழைய கதை. முதலாளி டிரைவரை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். "கேரேஜ்காரன் உனக்கு எவ்வளவு கொடுத்தான்?" என்று வாய்விட்டே கேட்பவர்களும் உண்டு. செய்யாத தவறுக்கு இப்படி ஒரு பேச்சு. ஏ.சி. எப்படி வேலை செய்கிறது என்பதை டிரைவர் தெரிந்து வைத்துக்கொண்டால், கேஸ் அடிப்பதற்கு முன்பே நாலு கேள்வி கேட்கலாம்.

கேஸ் செலவாகும் பொருளா?

பெட்ரோல் எரிந்து தீர்கிறது. ஏ.சி. கேஸ் அப்படியல்ல. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. கம்ப்ரசர் அதை அழுத்துகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில் அது சூட்டை இழந்து திரவமாகிறது. டிரையர் பாட்டிலில் ஈரம் வடிகட்டப்படுகிறது. பிறகு எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளை வழியே பீய்ச்சி, டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள கூலிங் காயிலில் ஆவியாகும்போது, காருக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொண்டு மறுபடி கம்ப்ரசருக்கே போகிறது.

ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல் வழியாகவும் சில ஆண்டுகளில் கொஞ்சம் குறைவது இயற்கை. மூன்று வாரத்தில் காலியானால் அது ஓட்டை. ஓட்டையை அடைக்காமல் கேஸ் அடிப்பது, அடியில் பொத்தலான குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

ஓட்டையைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எப்போதும் வேண்டியதில்லை. கேஸோடு எண்ணெயும் சுற்றுவதால், கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் தெரியும். ஜாயிண்டுகள், ஹோஸின் முனைகள், கம்ப்ரசரின் முன்பக்கம் ஆகியவற்றை முதலில் பார்க்கலாம். கண்டென்சரின் கீழ்ப்பகுதியும் முக்கியம். கல்லடி ஒருபுறம், கடற்கரை ஊரின் உப்புக்காற்று மறுபுறம். இங்கே அலுமினியம் அரித்துப் போவது சகஜம். பிறகு சிஸ்டத்தில் நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். நைட்ரஜனுக்குப் பதிலாக டயருக்கு அடிக்கும் காற்றையே அடித்துவிடுகிற கேரேஜ்களும் உண்டு. அந்தக் காற்றில் உள்ள ஈரம் முழுவதும் குழாய்க்குள் போய்விடும். பின்னால் அரிப்புக்கு அதுவே காரணம்.

எங்கும் காணவில்லையென்றால் சந்தேகம் கூலிங் காயில் மேல்தான். அதைக் கழற்ற டாஷ்போர்டைப் பிரிக்க வேண்டும். ஒரு நாள் வேலை. பலர் கேஸ் மட்டும் அடித்து அனுப்புவதற்கு இந்த வேலைக்கு அஞ்சுவதும் ஒரு காரணம்.

பழைய கேஸும் புதிய கேஸும்

இந்தக் கார்கள் தொழிற்சாலையிலிருந்து வரும்போது அவற்றில் இருந்தது ஆர் 12 என்னும் கேஸ். இவ்வகை வாயுக்கள் வானில் உள்ள ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மொலினா, ரோலண்ட் என்ற விஞ்ஞானிகள் 1974ல் எச்சரித்தார்கள். 1987ல் மான்ட்ரியல் உடன்படிக்கை ஏற்பட்டது. இந்தியா 1992ல் அதில் சேர்ந்தது. வளரும் நாடுகள் இவற்றைக் கைவிட 2010 ஜனவரி 1 கெடுவாக இருந்தது. கார் கம்பெனிகள் 90களிலேயே ஆர் 134ஏ என்ற கேஸுக்கு மாறத் தொடங்கிவிட்டன. ஆகவே பழைய காருக்கு இன்று ஆர் 12 தேடுவது வீண் அலைச்சல். வண்டியை 134ஏ கேஸுக்கு மாற்றிக்கொள்வதே வழி.

மாற்றுவது என்றால் பழையதற்குப் பதில் புதியதை அடிப்பது மட்டும் அல்ல. ஆர் 12 காலத்து மினரல் ஆயில், 134ஏ கேஸோடு கலக்காது. கலக்காத எண்ணெய் எங்காவது தேங்கி நின்றுவிடும். கம்ப்ரசர் எண்ணெயின்றி ஓடி, ஒரு நாள் இறுகி நின்றுவிடும். எனவே பழைய ஆயிலை வடித்துவிட்டு, எஸ்டர் ஆயிலோ கம்ப்ரசருக்குத் தகுந்த பி.ஏ.ஜி. ஆயிலோ ஊற்ற வேண்டும். மிச்சம் மீதி பழைய ஆயில் உள்ளே இருக்கக்கூடிய வண்டிக்கு எஸ்டர் ஆயிலே பொருத்தம். டிரையர் பாட்டிலையும் ஓ ரிங்குகளையும் புதிதாகப் போட வேண்டும். ஹோஸ் பழசாக இருந்தால் அதையும் மாற்றுவது நல்லது. 134ஏ கேஸ் பழைய ரப்பரில் எளிதாகக் கசியும். கேஸ் ஏற்றும் வாயும் வேறு அளவு என்பதால் அதற்கு அடாப்டர் போட வேண்டும். பழைய கேஸ் மிச்சமிருந்தால் அதை மெஷின் வைத்துச் சிலிண்டரில் பிடிக்க வேண்டும். காற்றில் திறந்துவிடக் கூடாது.

அதன்பின் வேக்குவம் பம்ப். முக்கால் மணி நேரமாவது ஓட வேண்டும். உள்ளே ஒட்டியிருக்கும் ஈரம் வேக்குவத்தில் சாதாரணச் சூட்டிலேயே ஆவியாகி வெளியேறும். பம்பை நிறுத்திப் பத்து, பதினைந்து நிமிடம் மீட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். முள் நகர்ந்தால் எங்கோ ஓட்டை பாக்கி இருக்கிறது. "டைம் நஹீ ஹை" என்று ஐந்து நிமிடத்தில் பம்பைக் கழற்றும் இடத்தில் மேற்கொண்டு பேச்சு வேண்டாம்.

கேஸை எடை போட்டே ஏற்ற வேண்டும். ஆர் 12 எவ்வளவு கொண்டதோ அதில் 80 முதல் 90 சதவிகிதம் 134ஏ போதும். 800 கிராம் கொண்ட வண்டிக்கு 640 முதல் 720 கிராம் வரை. டிரையர் மேலுள்ள கண்ணாடியில் குமிழி மறையும்வரை ஏற்றுவது ஆர் 12 காலத்துப் பழக்கம். 134ஏ கேஸுக்கு அது சரிவராது, அளவு மீறிவிடும். மீறினால் குளிர் கூடாது, குறையும். கம்ப்ரசருக்கும் பளு.

சமையல் கேஸ் வேண்டவே வேண்டாம்

ஆர் 12 கிடைக்காத நிலையில் சிலர் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். எல்.பி.ஜி. அடித்துவிடுகிறார்கள். அதன் அழுத்தம் ஏறத்தாழ ஆர் 12 போலவே இருப்பதால் நன்றாகக் குளிரும், அதுதான் ஆபத்து. முன்பு சொன்ன கூலிங் காயில், உட்கார்ந்திருப்பவர் முழங்காலுக்கு முன்னால் இருக்கிறது. அது கசிந்தால் எரிவாயு மூடிய காருக்குள் நிரம்பும். ஒரு ஸ்விட்சின் பொறியோ, சிகரெட்டோ போதும். வீட்டு ஏ.சி.க்கு அடிக்கும் ஆர் 22 கேஸும் இந்தக் குழாய்களுக்கு ஆகாது. அதன் அழுத்தம் மிக அதிகம், ஹோஸ் வெடிக்கலாம்.

கேரேஜில் கையாளாக இருக்கும் நம் பையன்களுக்கும் ஒரு வார்த்தை. திரவக் கேஸ் மேலே தெறித்தால் அந்த இடம் உறைந்து புண்ணாகும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளத் தயங்க வேண்டாம்.

எல்லாக் கோளாறும் கேஸ் அல்ல

வண்டி ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றதும் சூடானால் கண்டென்சர் விசிறியைப் பாருங்கள். கம்ப்ரசரின் மேக்னட் கிளட்ச் 'டக்' என்று பிடிக்கவே இல்லையென்றால் ஃப்யூஸ், ரிலே, பிரஷர் ஸ்விட்ச் இவற்றில் தொடங்கலாம். கேஸ் சுத்தமாக இல்லாவிட்டாலும் பிரஷர் ஸ்விட்ச் கிளட்சைப் பிடிக்க விடாது. கால் மணி குளிர்ந்து நின்றுபோய், சற்று அணைத்து வைத்தால் மறுபடி குளிர்கிறதா? உள்ளே ஈரம் சேர்ந்து வால்வில் ஐஸ் கட்டுகிறது, அல்லது தெர்மோஸ்டாட் கெட்டுக் கூலிங் காயிலே உறைகிறது.

சாமான் கிடைக்காது என்ற பயமும் அவ்வளவு தேவையில்லை. குர்லா சி.எஸ்.டி. ரோடு பக்கம் பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய், மரையும் அளவும் ஒப்பிட்டு வாங்கலாம். கண்டென்சர் அதே கம்பெனியுடையதாக இருக்க வேண்டியதில்லை. நீள அகலம் பொருந்தினால் புதிய பாணிக் கண்டென்சரைப் பொருத்துவதே மேல். 134ஏ கேஸுக்குச் சூட்டை வெளியேற்ற அதிக வசதி வேண்டும்.

வேலை முடிந்த பிறகு, மழைக்காலத்திலும் வாரம் ஒரு முறை பத்து நிமிடம் ஏ.சி.யைப் போடுங்கள். எண்ணெய் சுற்றாவிட்டால் ஷாஃப்ட் சீல் காய்ந்து, அங்கேயே அடுத்த கசிவு தொடங்கும். பானெட்டின் உட்புறம் ஒரு சீட்டும் ஒட்டச் சொல்லுங்கள்: என்ன கேஸ், எத்தனை கிராம், என்ன ஆயில், என்றைக்கு ஏற்றியது. அடுத்துப் பானெட்டைத் திறப்பவர் எந்த ஊர்க்காரரோ, அதனால் அதை ஆங்கிலத்தில் எழுதுவது நல்லது.