சீலோவாம் கோபுரமும் சப்த கன்னியர் மலையும்

மலைநாட்டிலே நோட்டன் பிரிட்ஜ்ப் பகுதிக்குச் செல்வார்க்கு, முகில் விலகிய வேளைகளில், நிரையாக எழுந்து நிற்கும் கொடுமுடிகள் சில கண்ணிற்படும். ஏழு சகோதரியர் அணிவகுத்து நிற்றல் போலத் தோன்றலின், அம்மலையைச் சப்த கன்னியர் மலை என்பர். காண்பார்க்கு இன்பம் பயக்கும் அக்காட்சிக்குப் பின்னே ஆறாத் துயரொன்று உண்டு.

1974ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 4ஆந் திகதி இரவு பத்து மணிக்குச் சற்றுப் பின்னர், ஒல்லாந்து நாட்டு விமானமொன்று அம்மலையில் மோதிச் சிதறியது. இந்தோனேசியாவின் சுராபாயா நகரிலிருந்து ஜித்தாவுக்குச் செல்லும் வழியில் கொழும்பில் இறங்கவேண்டிய விமானம் அது. அதில் இருந்தோர் ஹஜ் யாத்திரிகர் 182 பேரும் பணியாளர் 9 பேருமாக 191 பேர். ஒருவரும் பிழைத்திலர். இலங்கை மண்ணில் நிகழ்ந்த விமான விபத்துக்களுள் இதனினும் கொடியது வேறில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் வகுப்பிலே சிலப்பதிகாரம் பாடஞ் சொல்லுங்கால், ஊழ்வினை பற்றிப் பேச நேர்ந்தது. மலைநாட்டு மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, அந்த விமானத்தில் வந்தவர்கள் கடவுளைத் தேடிப் போனவர்கள்தாமே? அவர்கள் என்ன பாவஞ் செய்தார்கள்?” என்று வினவினான். விடை கூறுதல் அத்துணை எளிதாயிருக்கவில்லை. ஊழ் என்று ஒரு சொல்லால் முடித்துவிடலாம். ஆயின் அச்சொல் அவன் வினாவுக்கு வாய்ப்பூட்டாகுமேயன்றி விடையாகாது என்று உள்ளம் உணர்த்தியது. அன்று தொடங்கி, இவ்வினாவைப் பிற சமயத்தார் எங்ஙனம் எதிர்கொண்டனர் என்று தேடலானேன். அத்தேட்டத்திலே கிறித்தவ மறையில் கண்டனவற்றை ஈண்டுக் கூறுவல்.

பாவத்தின் கூலியா?

இவ்வினா புதிதன்று. இயேசுபெருமான் காலத்திலேயே எழுந்தது. எருசலேமில் சீலோவாம் என்னுமிடத்தே கோபுரமொன்று இடிந்து வீழ்ந்து பதினெண்மர் மாண்டனர். அவர்கள் ஏனையோரினும் பெரும்பாவிகளோ என்ற எண்ணம் மக்களிடையே இருந்தது. அவ்வெண்ணத்தை இயேசு மறுத்ததாக லூக்காவின் சுவிசேஷம் கூறும். மாண்டவர் பாவத்தை எண்ணுதல் விடுத்து, உயிரோடிருக்கும் நீங்கள் மனந்திரும்புமின் என்பதே அவர் கூற்றின் கருத்து. பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர், இது இவன் பாவமோ, பெற்றோர் பாவமோ என்று கேட்டபோதும் இருபக்கத்தையும் மறுத்தார். பின்னர் அவனுக்குக் கண்ணொளி நல்கினார். பழியைத் தேடும் வினாவுக்குப் பணியாலே விடை இறுத்தார் எனலாம்.

பழைய ஏற்பாட்டில் யோபுவின் வரலாறும் இதனையே வலியுறுத்தும். நல்லோனாகிய யோபு மக்களை இழந்தான், செல்வத்தை இழந்தான், நோயுற்றுச் சாம்பரில் அமர்ந்தான். ஆறுதல் கூற வந்த நண்பராகிய எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்னும் மூவரும், துன்பம் உண்டெனின் பாவமும் உண்டு என்று வாதித்தனர். நூலின் முடிவிலே இறைவன் சினந்தது யோபுவை அன்று. தன்னைக் குறித்துச் செம்மையாகப் பேசாத அந்நண்பரையே. துன்புறுவோனைப் பார்த்து, ‘நீ செய்த வினை’ என்று கூறுதல் இறைவனுக்கு வக்காலத்து வாங்குவது போலத் தோன்றும். உண்மையில் அஃது இறைநீதிக்கே மாசு கற்பிப்பதாம். யோபுவின் கதை உணர்த்தும் அரிய உண்மை இதுவே.

தெரிவும் பொறுப்பும்

அங்ஙனமாயின், உலகில் தீமை எங்கிருந்து வந்தது? நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அகுஸ்தீனார் ‘சுயாதீன சித்தம்’ பற்றி ஒரு நூல் யாத்தார். தீமை என்பது தனிப்பொருளன்று, நன்மையின் குறைவே; மனிதன் தன் விருப்பாற்றலைத் திரித்துப் பயன்படுத்தலால் அக்குறை நேர்கின்றது என்பது அவர் துணிபு. விருப்பாற்றல் இல்வழிப் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. கற்பாறை உருண்டு ஒருவனைக் கொன்றால், நாம் பாறையைச் சிறையில் இடுவதில்லை அன்றோ?

நோட்டன் அணையையே எடுத்துக்கொள்வோம். மாரிக்காலத்தில் கெகல்கமு ஓயா பெருகுதல் நீரின் இயல்பு. அணையின் வான்கதவைத் திறத்தலும், திறக்குமுன் கீழ்க்கரையோர்க்கு எச்சரிக்கை விடுத்தலும் மனிதனின் தெரிவு. நீரை எவரும் குற்றஞ் சாட்டார். கதவின் அருகில் நின்றவனைக் கேள்வி கேட்பர். பொறுப்பென்பது தெரிவு உள்ள இடத்திலேதான் பிறக்கின்றது.

இங்கே ஓர் ஐயம் எழும். இறைவன் முக்காலமும் உணர்ந்தவன் எனின், நாளை நான் செய்யப்போவதை இன்றே அறிவான். அறிந்தபடியே நடக்குமாயின் எனக்குச் சுதந்திரம் ஏது? ஆறாம் நூற்றாண்டில் சிறையிலிருந்து கொலைத்தண்டனையை எதிர்நோக்கியவாறே போயத்தியசு என்னும் அறிஞர் இதனை ஆராய்ந்தார். இறைவன் காலத்துக்குள் நின்று முன்னறிபவன் அல்லன். காலங்கடந்து நின்று அனைத்தையும் நிகழ்வாகக் காண்பவன் என்றார். மலையுச்சித் தேயிலை நிரையில் நிற்கும் ஒருவன், வளைவுகள் பல கொண்ட பாதையிலே இருபுறத்தும் வரும் வண்டிகளை ஒருங்கே காண்கின்றான். சாரதிக்குத் தெரியாத வளைவும் அவனுக்குத் தெரிகின்றது. ஆயினும் வண்டியைத் திருப்புவது அவன் பார்வை அன்று, சாரதியின் கையே.

மனிதச் சித்தம் முற்றும் சுதந்திரமுடையதோ என்பதிற் கிறித்தவரிடையேயும் கருத்து வேற்றுமை உண்டு. 1524இல் எராசுமசு சித்த சுயாதீனத்தை ஆதரித்து எழுதினார். அடுத்த ஆண்டே மார்ட்டின் லூதர், பாவத்தாற் பிணிப்புண்ட சித்தத்தை இறையருளே விடுவிக்கும் என்று மறுத்தெழுதினார். கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் 1547இல், சித்தம் வலிகுன்றியதேயன்றி அழிந்ததன்று எனத் தீர்த்தது. வழக்கு எதுவாயினும், மனிதன் தன் செயலுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவன் என்பதில் அவர்கள் வேறுபட்டாரல்லர்.

தமிழிலும் இவ்வாராய்ச்சி பழையதே. 1606இல் மதுரை வந்த தத்துவபோதக சுவாமிகள், மறுபிறப்புக் கொள்கையை மறுத்துப் ‘புனர்ஜென்ம ஆட்சேபம்’ என்னும் நூலை இயற்றினார். அவர் மறுப்பை நாம் ஏற்க வேண்டுமென்பதில்லை. கன்மக் கொள்கையுடையார் அதற்குத் தக்க விடை கூற வல்லர். வள்ளுவப்பெருந்தகை ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தவாறே, ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தாரன்றோ? ஆதலின் முயற்சியை மறுக்கும் விதிவாதம் தமிழர்க்கும் உடன்பாடன்று. ஹென்றி ஆல்பிரட் கிருட்டிணபிள்ளை 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகமும், மனித வாழ்வை வழிநடைப் பயணமாகவே உருவகித்துக் காட்டுகின்றது.

பிழை வேறு, பாவம் வேறு

இனி நம் மலைக்கு மீள்வோம். விபத்தை ஆராய்ந்தோர், விமானம் எவ்விடத்தில் உள்ளது என்பதை அதனைச் செலுத்தினோர் தவறாகக் கணித்தமையால், அவ்வுயரம் தமக்குப் போதுமென்று கொண்டனர் எனத் துணிந்தனர். விமானத்திலிருந்த வழிகாட்டும் கருவிகளை நம்பியமை அப்பிழைக்கு இடந்தந்தது என்றும் கூறினர். அஃது அறிவின் பிழை. நெஞ்சின் தீமை அன்று. கொடும்பாவத்துக்கு மூன்று வேண்டுமென்பது கத்தோலிக்க அறநூலார் கோட்பாடு: செயல் பாரதூரமானதாதல், அதனை முற்ற அறிந்திருத்தல், அறிந்தே மனமிசைதல். இவற்றுள் ஒன்று குறையினும் அது கொடும்பாவம் ஆகாது. ஆகவே யாத்திரிகரையும் பாவிகள் எனல் தகாது. தம் பிழைக்குத் தம் உயிரையே கொடுத்த பணியாளரையும் பாவிகள் எனல் தகாது.

எனினும், இறைவன் ஏன் தடுத்திலன் என்ற வினா எஞ்சி நிற்கின்றது. அதனைத் தருக்கத்தால் முற்றும் தீர்த்துவிட்டதாகக் கிறித்தவம் கூறவில்லை. சிலுவையைச் சுட்டி, துன்பத்துக்கு வெளியே நில்லாது அதனுள்ளே புகுந்த இறைவனைக் காட்டுகின்றது. நீதி நிறைவெய்தும் நாள் ஒன்று உண்டென்கின்றது. அந்நாளிற் கேட்கப்படுவனவாக மத்தேயு கூறுவன யாவை? பசித்தோர்க்கு உணவிட்டாயா, அந்நியனை ஏற்றாயா, நோயாளனைச் சென்று கண்டாயா என்பனவே.

இவ்விடத்தேதான் இவ்வாராய்ச்சி மலைநாட்டார்க்கு மிக நெருங்கியதாகின்றது. ‘எல்லாம் தலையெழுத்து’ என்ற சொல்லை லயன் அறைகளிற் கேட்டு வளர்ந்தோர் பலர். ஆயின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தொழிலாளர் நாடற்றவராயினமை தலையெழுத்தன்று. மனிதர் எழுதிய சட்டம். 1964இல் இரு நாட்டுப் பிரதமர் செய்த ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்து, 150,000 பேரைப் பின்னர் பார்ப்போம் என ஒதுக்கியது. அதுவும் மனிதர் இட்ட கணக்கே. எஞ்சிய குறையைத் தீர்க்க 2003இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டதே! விதியாயின் மனிதக் கை அதனைத் திருத்தியிருத்தல் கூடுமோ?

2014 ஒக்தோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயன்கள் புதையுண்டன. மழை பெய்தல் இயற்கை. அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தும் மக்கள் அங்கேயே வாழ நேர்ந்தமை இயற்கையன்று. நன்மை செய்ய அறிந்திருந்தும் செய்யாது விடுதல் பாவமென்பது யாக்கோபின் நிருபம் உணர்த்தும் நெறி. அறியாது செய்த பிழைக்கு இரங்குக. அறிந்தும் வாளாவிருந்தமைக்குக் கணக்குக் கேட்க. இவ்விரண்டையும் விதி என்னும் ஒரே போர்வையால் மூடுவோர், இறந்தோர்க்கும் நீதி செய்யார்; இருப்போர்க்கும் நீதி செய்யார்.

சீலோவாம் கோபுரச் செய்தியை அடுத்து லூக்கா ஒரு கதையை வைத்துள்ளார். மூன்றாண்டு காயாத அத்திமரத்தை வெட்டிவிடுக என்றான் உடையவன். தோட்டக்காரனோ, இன்னும் ஓராண்டு பொறுத்தருள்க, சுற்றிலும் கொத்தி எருவிடுகின்றேன் என்று வேண்டினான். கொத்தி எருவிடும் தொழிலை மலைநாட்டார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. உயிரோடிருப்போர்க்கு அளிக்கப்பட்ட தவணை அது. தெரிவு செய்யவும் திருந்தவும் உரிய காலம்.

அன்று வினவிய மாணவனுக்கு இன்று கூறுவது இதுவே: தம்பி, அவர்கள் என்ன பாவஞ் செய்தார்கள் என்று கேளாதே. இனி நாம் என்ன செய்யவேண்டும் என்று கேள். அவ்வினாவுக்கு விடையிறுக்கும் உரிமையை இறைவன் நம்மிடமே விட்டிருக்கின்றான்.