தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதிக்கும் மலை உணவகம்: தெரியுமா?

தேவிகாபுரம், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம் என்று ஆரணிப் பக்கம் தறி ஓடும் ஊர்களிலிருந்து பிள்ளைகள் டொராண்டோ, துபாய், கோலாலம்பூர் என்று வேலைக்குப் போயிருக்கிறார்கள். மகள் பிரசவத்துக்கோ பேரன் பிறந்தநாளுக்கோ ஆரணிப் பெற்றோரும் பாஸ்போர்ட் எடுக்கிறார்கள். புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் பெட்டியில் ஏறுகின்றன. ஏறட்டும்! ஆனால் ஒரே ஒரு வேளை மட்டும் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமல், பிள்ளைகளோடு கிளம்புங்கள். உலகத்தில் சில சாப்பாட்டு மேஜைகள் மலை உச்சியிலும் மேகத்துக்குள்ளும் கடலுக்கு அடியிலும் போடப்பட்டிருக்கின்றன. ஜன்னலுக்கு வெளியே தெரிவது ஓர் அதிசயம் என்றால், அந்த மேஜையை அங்கே கொண்டுபோய் வைத்த வேலைப்பாடு அதைவிடப் பெரிய அதிசயம். புடவையைக் கையில் வாங்கியதும் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிற ஊர் நம்முடையது. அதே கண்ணோடு இவற்றையும் பாருங்கள்!

ஐரோப்பாவின் மிக உயரமான ரயில் நிலையத்தில் இந்தியச் சாப்பாடு கிடைக்கிறது, தெரியுமா? சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ்யோக்தான் அந்த இடம். கடல் மட்டத்திலிருந்து 3,454 மீட்டர்! நம் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். அந்தப் பனிக்குள் 'பாலிவுட்' என்ற பெயரில் ஓர் இந்திய உணவகம். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து பார்த்தால் அலெட்ஷ் பனியாறு, ஆல்ப்ஸ் மலைத்தொடரிலேயே மிகப் பெரியது, இருபது கிலோமீட்டருக்கும் மேலாக நீண்டு கிடக்கிறது. 2001இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த நிலம் அது.

அந்த உயரத்தில் சோறு ஆக்குவது எவ்வளவு பெரிய காரியம் தெரியுமா? மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். ஆரணியில் உலை 100 டிகிரியில் கொதிக்கிறது என்றால் அங்கே சுமார் 88 டிகிரியிலேயே தளதளவென்று பொங்கும். அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் திறந்த பாத்திரத்தில் சூடு அதற்கு மேல் ஏறாது. நம் பொன்னி அரிசியை அங்கே உலையில் போட்டால் கூடுதல் நேரம் காத்திருக்க வேண்டும். துவரம்பருப்பின் பாடு இன்னும் மோசம். மூடி போட்டு அழுத்தத்தைக் கூட்டும் குக்கர்தான் அங்கே கைகொடுக்கும். ஆகவே அங்கே தட்டில் விழும் ஒவ்வொரு கரண்டிச் சோறும் மரியாதைக்குரியது!

சரி, அவ்வளவு உயரத்துக்கு ரயில் எப்படிப் போனது? 1893இல் அடால்ஃப் குயர் செல்லர் என்ற தொழிலதிபர் மகளோடு அந்த மலைப்பக்கம் நடக்கப் போனபோது மனத்தில் உதித்த திட்டம் இது. ஐகர், மோன்ஷ் என்ற இரண்டு மலைகளின் வயிற்றைக் குடைந்து ஏழு கிலோமீட்டருக்கும் மேல் சுரங்கப்பாதை! 1896இல் வேலை தொடங்கியது. ஏழு ஆண்டில் முடியும் என்றார்கள். பதினாறு ஆண்டு ஆனது. குயர் செல்லர் 1899இலேயே காலமாகிவிட்டார். 1912 ஆகஸ்ட் 1 அன்று ரயில் உச்சியைத் தொட்டபோது அதைப் பார்க்க அவர் இல்லை. அந்த ரயிலில் 2015ஆம் ஆண்டில் முதல் முறையாகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏறினார்கள்.

சுவிட்சர்லாந்தில் எந்த உணவகத்துக்குப் போனாலும் சமையலறைப் பக்கம் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். தமிழ் கேட்கலாம்! 1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து உயிர் தப்பி அங்கே போனவர்களில் ஏராளமானோருக்கு முதலில் கிடைத்தது உணவகச் சமையலறை வேலைதான். பாத்திரம் கழுவுவதில் தொடங்கித் தலைமைச் சமையல்காரராக உயர்ந்தவர்கள் அவர்களில் உண்டு. யாராவது எதிர்ப்பட்டால் "வணக்கம் அண்ணா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.

துபாய்க்கு வருவோம். புர்ஜ் கலீஃபாவின் 122ஆவது மாடியில், 442 மீட்டர் உயரத்தில் ஓர் உணவகம் இருக்கிறது. பேர் அட்மாஸ்ஃபியர். ரமலானில் அந்த மாடியில் இருப்பவர்கள் தரையில் இருப்பவர்களைவிட இரண்டு நிமிடம் தாமதமாக நோன்பு திறக்க வேண்டும், தெரியுமா? 2011இல் துபாய் மார்க்க அறிஞர்கள் சொன்ன கணக்கு இது: 80 முதல் 150 வரையுள்ள மாடிகளுக்கு இரண்டு நிமிடம், அதற்கும் மேலே மூன்று நிமிடம். உயரம் கூடக் கூடத் தொடுவானம் தள்ளிப்போகிறது. கீழே மறைந்துவிட்ட சூரியன் மேலே இன்னும் தெரிகிறது. ஒரே கட்டிடத்தில் மஃரிப் என்ற அந்தித் தொழுகைக்கு மூன்று நேரம்!

மேஜையே சுற்றி வரும் உணவகத்துக்கு எவ்வளவு பெரிய எந்திரம் தேவைப்படும் என்று நினைக்கிறீர்கள்? அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1962இல் திறந்த ஸ்பேஸ் நீடில் கோபுரத்தில் மேஜைகள், நாற்காலிகள், ஆட்கள் எல்லாவற்றையும் சேர்த்துச் சுற்ற முதலில் வைத்தது ஒரே ஒரு குதிரைத்திறன் மோட்டார்! நம் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற அதே அளவு. சக்கரங்களின் மேல் பாரத்தைச் சமமாகப் பரப்பிவிட்டார்கள். பிறகு ஒரு சின்னத் தள்ளல் போதுமாக இருந்தது.

டொராண்டோவின் சி.என். கோபுரத்தில் 351 மீட்டர் உயரத்தில் இருக்கும் '360' உணவகம் 72 நிமிடத்தில் ஒரு சுற்று முடிக்கும். ஒருபக்கம் ஒன்டாரியோ ஏரி கடலாய் விரியும். கொஞ்ச நேரத்தில் அதே நாற்காலியில் நகரம் முழுக்கக் கண்முன் வந்து நிற்கும். ஒன்றை மறக்காதீர்கள். இப்படிப்பட்ட உணவகங்களில் மேஜை இருக்கும் தளம்தான் சுற்றும், ஜன்னல் சுற்றாது. ஜன்னல் திண்டில் கைப்பையை வைத்தால் பை அங்கேயே நிற்கும், நீங்கள் நகர்ந்துவிடுவீர்கள். பட்டுப்புடவைப் பொட்டலமாக இருந்தால் இன்னும் ஜாக்கிரதை!

பாரிஸ் ஈஃபில் கோபுரத்தில் 125 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஜூல் வேர்ன் உணவகத்துக்கென்று தனி லிஃப்டே உண்டு. கோலாலம்பூர் கோபுரம் 421 மீட்டர், சுழலும் உணவகத்தோடு எழுந்தது. அதன் அடிவாரத்தில் நூறு வயது தாண்டிய ஒரு ஜெலுத்தோங் மரம் நிற்கிறது. அதைக் காப்பாற்றுவதற்காகவே 4,30,000 ரிங்கிட் செலவழித்துத் தடுப்புச் சுவர் கட்டினார்கள். மேலே ஏறும் அவசரத்தில் அந்த மரத்தைப் பார்க்காமல் போய்விடாதீர்கள்.

இனி கடலுக்கு அடியில்! மாலத்தீவில் 'இத்தா' என்ற உணவகம் கடல் மட்டத்துக்கு ஐந்து மீட்டர் கீழே இருக்கிறது. தலைக்கு மேலே வளைந்த கூரை முழுக்கத் தெளிவான அக்ரிலிக். சோற்றில் கைவைக்கும்போது சுறா தலைக்கு மேலே நீந்திப் போகும்! இதைச் சிங்கப்பூரில் முழுசாகக் கட்டிக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். உள்ளே காற்று இருப்பதால் மிதக்கத்தான் பார்க்கும், அதனால் மணல் பாரம் ஏற்றிக் கடலுக்குள் இறக்கினார்கள். 2005 ஏப்ரலில் திறந்தபோது பதினான்கு பேர் உட்காரத்தான் இடம்.

எனக்கு எல்லாவற்றிலும் மிகவும் பிடித்தது நார்வேயின் 'உண்டர்', 2019இல் திறந்தது. பாதி கரையில், பாதி கடலில் சாய்ந்து விழுந்த பெட்டி மாதிரிக் கட்டியிருக்கிறார்கள். அரை மீட்டர் தடிமனுள்ள கான்கிரீட் சுவரின் வெளிப்பக்கத்தை வேண்டுமென்றே சொரசொரப்பாக விட்டார்கள். ஏன் தெரியுமா? சிப்பிகள் வந்து ஒட்டிக்கொள்ள வேண்டுமாம்! சிப்பி வந்தால் நீர் தெளியும், நீர் தெளிந்தால் மீன் வரும். ஜன்னலுக்கு வெளியே காட்சி ஆண்டுக்கு ஆண்டு தானாகவே அழகாகும். இப்படி யோசித்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

இதையெல்லாம் எழுதும்போது பூசிமலைக்குப்பம்தான் நினைவுக்கு வருகிறது. ஆரணி ஜாகீர்தார் குடும்பத்தினர் காட்டையொட்டி ஐரோப்பிய பாணியில் கட்டிய கண்ணாடி மாளிகை அங்கே சிதைந்து கிடக்கிறது. அதைச் செப்பனிட்டு, மாடத்தில் பத்து மேஜை போட்டு, வாழையிலையில் சீரகச்சம்பா பிரியாணி பரிமாறினால் வெளிநாட்டுக்காரர்கள் ஆரணியைத் தேடி வரமாட்டார்களா? கட்டாயம் வருவார்கள். சுற்றுலாத் துறை இதை மனத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மனதாரக் கேட்கிறேன்.

கிளம்புகிறவர்களுக்குச் சில விவரங்கள். உயரத்து உணவகங்களில் சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பாக மேஜை கேளுங்கள்: பகல், அந்தி, விளக்கு வெளிச்சம் மூன்றையும் ஒரே சாப்பாட்டில் பார்த்துவிடலாம். சைவம் என்றால் மீன் சாஸ், இறைச்சிச் சாறு எதுவும் வேண்டாம் என்று முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள். யுங்ஃப்ராவ்யோக்கில் கோடையிலும் பனிக்குளிர்தான், ஸ்வெட்டர் கட்டாயம். ரயில் டிக்கெட் விலையும் அதிகம். அதனால் காலையில் உச்சியில் வைத்திருக்கும் நேரலைக் கேமராவை இணையத்தில் பாருங்கள். மேகம் மூடியிருந்தால் மறுநாள் ஏறிக்கொள்ளலாம்.