எந்த ஜீப்பின் கியர்பாக்ஸ் இது?

பழைய வில்லிஸ் ஜீப்பை வாங்கிப் புதுப்பிக்க நினைக்கும் தர்மபுரிக்காரர், பெயின்ட்டையும் எஞ்சின் சத்தத்தையும் பார்த்துவிட்டு விலை பேசிவிடக் கூடாது. ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும். வத்தல்மலைக் கொண்டை ஊசி வளைவுகளும் தொப்பூர் கணவாயும் உள்ள மாவட்டம் இது. இங்கே இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துவதில் பிரேக்குக்குச் சமமான பங்கு கியருக்கும் உண்டு.

இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் தயாரான ராணுவ ஜீப்புகள் 6 லட்சத்துக்கும் மேல். அவற்றில் இருந்தது டி-84 என்னும் மூன்று கியர் பெட்டி. போருக்குப் பின் பொதுமக்களுக்காக வந்த சிஜே-2ஏ மாடலில் அதைவிட உறுதியான டி-90 இடம்பிடித்தது. மஹிந்திரா 1940-களின் இறுதியில் இந்தியாவில் வில்லிஸ் ஜீப்புகளின் பாகங்களை இணைத்து வண்டியாக்கத் தொடங்கியது. பின்னர் சிஜே-3பி இங்கேயே தயாரானது. எஞ்சின் வம்சம் ஒன்றே என்பதால், ராணுவ ஜீப்பின் டி-84 பல் உடைந்தால் அந்த இடத்தில் டி-90-ஐ ஏற்றுவது பட்டறைகளுக்குக் கைவந்த வேலை.

அப்படி மாறியிருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மண்ணெண்ணெயும் கம்பி பிரஷ்ஷும் கொண்டு கிரீஸைத் தேய்த்தெடுத்து, வார்ப்பில் பதிந்த எழுத்தைத் தேடலாம். எழுத்து தேய்ந்திருந்தால் எண்ணிக்கைதான் சாட்சி. கழற்றிய பெட்டியை முதல் கியரில் போட்டு, இரு தண்டுகளிலும் சாக்பீஸால் கோடு போட வேண்டும். பின்தண்டு 10 சுற்று சுற்றும்போது முன்தண்டு 26-ஐத் தாண்டி இன்னும் முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகப் போனால் டி-84. சரியாக 28-ஐத் தொட்டால் டி-90.

இதைவிட ஆபத்தான கலப்பு அச்சில் ஒளிந்திருக்கும். ராணுவ ஜீப்பின் கிரவுன்–பினியன் விகிதம் 4.88, அதாவது 39 பல்லுக்கு 8. சிஜே-2ஏ-வில் 5.38, 43 பல்லுக்கு 8. முன்னச்சு ஒன்றிலிருந்தும் பின்னச்சு இன்னொன்றிலிருந்தும் வந்திருந்தால், பின்சக்கரத்தில் மட்டும் ஓடும் வரை ஒரு குறையும் தெரியாது. ஃபோர்வீல் லீவரை இழுத்ததும் முன்னும் பின்னும் சுமார் 10 சதவீத வேக வித்தியாசத்தோடு மல்லுக்கட்டும். சேற்றில் சக்கரம் வழுக்கிச் சமாளித்துவிடும். தார் ரோட்டிலோ டயர் தேயும், லீவர் இறுகும், டிரான்ஸ்ஃபர் கேஸ் பல் நொறுங்கும்.

சோதனை எளிது. ஒரு சக்கரம் தரையில் நிற்க, ஜாக்கியில் தூக்கிய மறு சக்கரத்தை 2 முழுச் சுற்று சுற்ற வேண்டும். பிராப்பல்லர் ஷாஃப்ட் ஐந்துக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றினால் 4.88, ஐந்தே காலையும் தாண்டினால் 5.38. இதை இரண்டு அச்சிலும் தனித்தனியே செய்து பார்க்காமல் ஃபோர்வீல் லீவரைத் தொடவே கூடாது.

50 ஆண்டு கடந்து, அசல் வடிவில் இருக்கும் வண்டிகளுக்குத் தனிப் பதிவு தரும் மத்திய விதி 2021-ல் வந்தது. அந்தப் பதிவு பெற்ற வண்டியைக் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். அந்த வழியில் போகிறவர் தேடி அலைந்தாவது டி-84-ஐத் திரும்ப மாட்டுவதே முறை. மலை ஏறி இறங்க வேண்டிய ஜீப் என்றால் டி-90 இருந்துவிட்டுப் போகட்டும். அது வண்டிக்கு நல்லதே. எதை மாட்டினாலும் கிளட்ச் தட்டின் அளவையும் முன்தண்டின் நீளத்தையும் பழையதோடு ஒட்டிவைத்துப் பார்த்த பிறகே போல்ட்டை முறுக்க வேண்டும்.