கணிப்பொறி புதிதானது, கடிதங்கள் எங்கே?

வெளிநாட்டிலிருந்து வந்த கடிதங்களைத் தகரப் பெட்டியில் அடுக்கி, அந்துருண்டை போட்டுப் பாதுகாத்த காலம் ஒன்று இருந்தது. பெட்டி கண்ணெதிரே இருக்கும். சாவி உம்மாவிடம் இருக்கும். கடிதங்கள் மின்னஞ்சலாக மாறிய பின்னர், பெட்டி எங்கே, சாவி யாரிடம் என்பதையே பல குடும்பங்கள் அறியாமல் இருக்கின்றன. கணிப்பொறியைப் புதுப்பிக்கும் நாளன்றுதான் அந்த அறியாமை நம்மைத் திடுக்கிட வைக்கிறது.

கீழக்கரையில் என் லாத்தாவின் வீட்டில் நடந்ததைக் கூறுகிறேன். மச்சான் 2006 முதல் 2014 வரை தம்மாமில் கணக்கராகப் பணிபுரிந்தார். வாரம் தவறாமல் லாத்தாவுக்கு மின்னஞ்சல் எழுதுவார். வீடு கட்டிய செலவு, பிள்ளைகளின் படிப்பு, கொடுக்கல் வாங்கல் எல்லாம் அவற்றில் இருக்கும். 2020ல் வீட்டுக்குப் புதிய கணிப்பொறி வாங்கியபோது, அத்தனை கடிதங்களையும் அவரே பொறுமையாக அதில் மாற்றி வைத்தார். 2022ல் அவர் வபாத்தானார். அதன்பின் மாலை வேளையில் ஒரு கடிதத்தைத் திறந்து படிப்பது லாத்தாவின் வழக்கமாயிற்று.

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. இதைக் கேள்விப்பட்ட மூத்த மகன், கணிப்பொறியைக் கடைக்கு எடுத்துச் சென்று விண்டோஸ் 11ஐப் பதித்து வந்தான். "பழையவற்றை வைத்துக்கொள்ள வேண்டுமா?" என்று கடைக்காரர் கேட்டாரா, இவன்தான் அவசரத்தில் தலையாட்டினானா என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. வீட்டுக்கு வந்து தண்டர்பேர்ட் என்னும் மின்னஞ்சல் மென்பொருளை மீண்டும் நிறுவித் திறந்தபோது, முன்பின் அறியாதவரிடம் கேட்பதைப் போல அது பெயரையும் முகவரியையும் கேட்டது. பழைய கடிதம் ஒன்றுகூட இல்லை. இணையதளத்தின் வழியே நுழைந்து பார்த்தாலும், அண்மையில் வந்த இரண்டொரு கடிதங்களே இருந்தன. லாத்தா ஒன்றும் பேசவில்லை. கணிப்பொறியின் மீது துணியைப் போட்டு மூடிவிட்டார்.

ஏன் இப்படி நேர்ந்தது?

மின்னஞ்சல் மென்பொருள் ஒரு தபால்காரரைப் போன்றது. எந்த அஞ்சலகத்துக்குச் செல்ல வேண்டும், எந்த வாசல் வழியே நுழைய வேண்டும், என்ன கடவுச்சொல்லைக் கூற வேண்டும் என்பனவற்றை அது குறித்து வைத்துக்கொள்கிறது. இக்குறிப்புகளையே 'செட்டிங்ஸ்' என்கிறோம். கடிதங்கள் வேறு, இக்குறிப்புகள் வேறு. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கலக்கம் தீர்ந்துவிடும்.

கடிதங்களைக் கொண்டுவர இரண்டு முறைகள் உண்டு. ஐமேப் முறையில் அசல் கடிதம் சேவை நிறுவனத்திடமே இருக்கும். செட்டிங்ஸ் அழிந்தாலும், முகவரியையும் கடவுச்சொல்லையும் மறுபடி கொடுத்தால் அங்குள்ள கடிதங்கள் அனைத்தும் திரும்பி வந்துவிடும். பாப் முறையிலோ, கடிதம் வீட்டுக் கணிப்பொறிக்கு வந்ததும் அங்குள்ள பிரதியை அழித்துவிடும்படி அமைத்திருப்பார்கள். அப்போது வீட்டில் இருப்பதே ஒரே பிரதி. மச்சான் பயன்படுத்தியது இந்தப் பாப் முறையைத்தான்.

பத்து நாள் தவணை

நான்காம் நாள், கல்லூரி விடுதியிலிருந்து இளைய மகள் வந்தாள். விவரத்தைக் கேட்டதும், "மாமா, கடையில் ஃபார்மட் செய்தார்களா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்" என்றாள். தொலைபேசியில் கேட்டேன். செய்யவில்லை என்றார்கள். அவள் முகம் மலர்ந்தது.

ஃபார்மட் செய்யாமல் விண்டோஸைப் பதிக்கும்போது, பழைய கோப்புகள் 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற ஃபோல்டருக்குள் ஒதுக்கி வைக்கப்படுகின்றன. பொதுவாகப் பத்து நாட்கள் கழிந்ததும் கணிப்பொறி தானாகவே அதை நீக்கிவிடும். இடத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி அதற்கு முன்பே நாமாக அழித்துவிடுவோரும் உண்டு. ஆகவே, புதுப்பித்தபின் ஏதேனும் காணவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

அவள் செய்ததை அப்படியே எழுதுகிறேன். முதலில் தண்டர்பேர்டை மூடினாள். சி டிரைவில் விண்டோஸ்.ஓல்ட் ஃபோல்டரைத் திறந்து, அதனுள் யூசர்ஸ், பிறகு பழைய பயனர் பெயர் என்று சென்றாள். அங்கே 'ஆப்டேட்டா' என்ற ஃபோல்டர் மறைந்திருக்கும். மறைந்தவற்றைக் காட்டும்படி 'வியூ' பகுதியில் சொன்னதும் அது தென்பட்டது. அதற்குள் ரோமிங், தண்டர்பேர்ட், ப்ரஃபைல்ஸ் என்று வரிசையாகத் திறந்தாள். கடைசியில் இருந்த ஒரே ஃபோல்டருக்குள் கணக்கு அமைப்புகள், சேமித்த கடவுச்சொற்கள், முகவரிப் புத்தகம், கடிதங்கள் அனைத்தும் அடங்கியிருந்தன. வேறெதையும் தொடுமுன் அதை ஒரு பென்டிரைவில் நகலெடுத்தாள். பின்னர் கணிப்பொறியிலும் ஒரு நகலை வைத்து, தண்டர்பேர்டின் 'ஹெல்ப்' பகுதியில் உள்ள பழுதுநீக்கத் தகவல் பக்கம் வழியாக ப்ரஃபைல் பட்டியலுக்குச் சென்று, இந்த ஃபோல்டரையே பயன்படுத்தும்படி அமைத்தாள். மூடித் திறந்ததும் 2006ஆம் ஆண்டின் முதல் கடிதம் உட்பட எல்லாம் இருந்தன.

எல்லாம் சரியாக உள்ளனவா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோது, 2012ல் எழுதிய கடிதம் ஒன்று கண்ணில் பட்டது. தம்மாமில் உடன் தங்கியிருந்த அறைத்தோழரிடம் 1,500 ரியால் கைமாற்று வாங்கியதாகவும், அடுத்த மாதம் தந்துவிடுவதாகவும் மச்சான் எழுதியிருந்தார். தந்ததாகப் பின்வந்த கடிதங்களில் குறிப்பில்லை. மூத்த மகன் அவரைத் தேடிப் பிடித்துக் கேட்டான். கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டேன் என்றாராம் அவர். அந்த வாரமே கடன் தீர்க்கப்பட்டது. அந்தக் கடிதம் மட்டும் கிடைக்காமல் போயிருந்தால்?

உங்கள் வீட்டில் செய்ய வேண்டியவை

எல்லா வீட்டிலும் தண்டர்பேர்ட் இருக்காது. அவுட்லுக்கில் பாப் முறையில் வந்த கடிதங்கள் பொதுவாக 'பிஎஸ்டி' என்று முடியும் கோப்பில் இருக்கும். கணக்கு அமைப்புகள் அதில் இரா. ஆகவே கோப்பை நகலெடுப்பதோடு அமைப்புகளையும் எழுதி வைப்பது அவசியம்.

எழுத வேண்டியவை சிலவே: மின்னஞ்சல் முகவரி, பாப் முறையா, ஐமேப் முறையா என்பது, உள்வரும் சர்வரின் பெயரும் போர்ட் எண்ணும், வெளிச்செல்லும் சர்வரின் பெயரும் போர்ட் எண்ணும். உள்வருவதற்குப் பொதுவாக ஐமேப் என்றால் 993, பாப் என்றால் 995. வெளிச்செல்வதற்கு 465 அல்லது 587. கடவுச்சொல்லை இதே பக்கத்தில் எழுதாமல் தனியே பத்திரப்படுத்துங்கள்.

கடவுச்சொல் சரியாக இருந்தும் கதவு திறக்காமல் போகலாம். ஜிமெயில் 2022 மே மாத இறுதியில், தனிநபர் கணக்குகளுக்கு வெறும் கடவுச்சொல்லை மட்டும் கொண்டு பழைய மென்பொருள்கள் நுழைவதை நிறுத்திவிட்டது. புதிய மென்பொருளில் கூகுளின் அனுமதிப் பக்கம் வழியாக நுழைவதே முறை. அவ்வேளையில் உறுதிப்படுத்தும் எண் கைப்பேசிக்கு வரக்கூடும். சவூதியிலோ துபாயிலோ இருந்தபோது கொடுத்த எண்ணையே பலர் இன்னும் மாற்றாமல் வைத்திருக்கிறார்கள். அந்த சிம் கார்டு காலாவதியாகி ஆண்டுகள் ஆகியிருக்கும். கணக்கு திறந்திருக்கும்போதே எண்ணை மாற்றிவிடுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, கணிப்பொறியைக் கடைக்குக் கொடுக்குமுன் ஒரு நகல் எடுங்கள். புதுப்பித்தவர் அதை நாளையே சரிசெய்து தந்துவிடுவார். மறைந்தவர் எழுதிய கடிதத்தை மீண்டும் எழுதித் தர ஆளில்லை.

லாத்தாவின் வீட்டில் இப்போது அந்தப் பென்டிரைவும் குறிப்பேடும் தகரப் பெட்டிக்குள் இருக்கின்றன. சாவி லாத்தாவிடம் இருக்கிறது.