காஞ்சிபுரத்தில் வாழ்வோர்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது காஞ்சிபுரம் நகராட்சி எல்லைக்குள் 1,64,384 பேர் வாழ்ந்தனர். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் இந்த எண்ணிக்கை சுமார் 1.53 லட்சம். பத்தாண்டு வளர்ச்சி 7 விழுக்காட்டைச் சற்றே தாண்டுகிறது. அதே காலத்தில் தமிழ்நாடு 15.6 விழுக்காடு வளர்ந்தது. பெயர்பெற்ற ஒரு நகரம், மாநிலத்தின் வேகத்தில் பாதியைக்கூட எட்டவில்லை.

ஆனால் பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் கதை நேர்மாறானது. அங்கு மக்கள்தொகை 28.77 லட்சத்திலிருந்து 39.98 லட்சமாக, ஏறத்தாழ 39 விழுக்காடு பெருகியது. தாம்பரமும் சோழிங்கநல்லூரும் அன்று இந்த மாவட்டத்தில் இருந்தன. சென்னையின் புறநகர் வீங்கியதும், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார், மின்னணுத் தொழிற்சாலைகள் வந்ததுமே காரணம். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபின், எஞ்சிய காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு 2011 கணக்குப்படி 11.66 லட்சம் பேரே உரியவர்கள். ஆக, மாவட்டத்தின் எண்ணை நகரத்தின் வளர்ச்சியாகப் படிப்பது பெரும் பிழை.

நகரத்துக்குள் ஆயிரம் ஆண்களுக்கு 1,005 பெண்கள் இருந்தனர். மாநிலச் சராசரி 996. ஆனால் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் ஆண்கள் 8,158, பெண்கள் 7,797. அதாவது ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குச் சுமார் 956 பெண் குழந்தைகள். மொத்த மக்களின் கணக்கு தரும் நிறைவைக் குழந்தைகளின் கணக்கு தரவில்லை. மேலும் இந்த வயதுக் குழந்தைகள் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 41,807 குடும்பங்கள் இருந்தன. குடும்பத்துக்குச் சராசரியாக நான்கு பேர்கூட இல்லை.

குடும்பம் சிறிதாக இருப்பதைப் பட்டுத் தறியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். காஞ்சிப் பட்டின் தனிச்சிறப்பான கோர்வை முறையில் சேலையின் உடலும் கரையும் தனித்தனி நாடாவால் நெய்து இணைக்கப்படுகின்றன. நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். நெடுங்காலம் அந்த இரண்டாவது ஆள் வீட்டிலேயே கிடைத்தார்: மனைவி, தம்பி, பல வீடுகளில் பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளை. பிள்ளைகள் தறியை விட்டுப் பள்ளிக்குப் போனது நல்ல மாற்றம். அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் படித்த பிள்ளைகள் ஒரகடம் தொழிற்சாலைக்குப் பேருந்து ஏறுகிறார்கள், தறிக்குத் திரும்புவதில்லை. கோர்வைக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடும் வீடுகள் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தில் உண்டு.

நெசவுச் சமூகங்களில் கைக்கோளர் எனப்படும் செங்குந்தர் முதன்மையானவர்கள். சாலியரும், தெலுங்கு, கன்னடப் பகுதிகளிலிருந்து வந்த பத்மசாலியரும் தேவாங்கரும், சௌராஷ்டிரரும் இங்கே உண்டு. சமயக் கணக்கில் இந்துக்கள் 93.38 விழுக்காடு, முஸ்லிம்கள் 5.24, கிறித்தவர் 0.83. சமணர் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. ஆயினும் நகரை ஒட்டிய திருப்பருத்திக்குன்றம் இன்றும் ஜினகாஞ்சி என்றே வழங்குகிறது. பட்டியல் சாதியினர் 3.55 விழுக்காடு மட்டுமே. மாநிலம் முழுவதும் 20 விழுக்காடு. நகராட்சி எல்லைக்குள் யார் குடியிருக்க முடிந்தது என்ற வரலாற்றையும் இந்த இடைவெளி கேட்க வைக்கிறது.

தொழில் பட்டியலில் 61,567 பேர் உழைப்பாளிகள். அவர்களில் வீட்டுத் தொழில் பிரிவில் 8,865 பேரே. பட்டு நகரத்துக்கு இது வியப்பூட்டும் சிறிய எண். நகரங்களில் குடியிருக்கும் வீட்டு வளாகத்துக்குள் குடும்பத்தார் நடத்தும் தொழிலே இந்தப் பிரிவில் சேரும். முதலாளியின் தறிக்கூடத்தில் கூலிக்கு நெய்பவர் 'பிற தொழிலாளர்' ஆகிவிடுகிறார். அந்தப் பிரிவின் 47,608 பேருக்குள் கடைக்காரரும் ஆசிரியரும் ஓட்டுநரும் அடக்கம்.

வந்து போகிறவர்கள் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 16 வரை, கோயில் குளத்திலிருந்து வெளியே எடுக்கப்பட்ட அத்திவரதர் சிலையைத் தரிசிக்க ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்தனர். குடிநீரும் துப்புரவும் இவர்களையும் கருதியே திட்டமிடப்பட வேண்டும்.

காஞ்சிபுரம் 2021இல் மாநகராட்சியானது. அந்த ஆண்டு நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1 நிலவரத்துக்கான கணக்கெடுப்பாக அறிவிக்கப்பட்டது. அதில் சாதியும் கேட்கப்படும். நெசவுச் சமூகங்களில் பிறந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் தறியில் இருக்கிறார்கள் என்பது அதன்பின் தெரியவரலாம்.