எழுத்தறிந்த பின் என்ன? – பெண்களின் வாசிப்பு வட்டமும் நாமும்

பினாங்கில் தமிழ்க் கல்விக்கு நீண்ட வரலாறு உண்டு. 1816இல் பினாங்கு ஃபிரீ பள்ளியில் தமிழ் வகுப்பு தொடங்கியதைக் கணக்கில் கொண்டே, 2016இல் நாடு முழுவதும் தமிழ்க் கல்வியின் 200ஆம் ஆண்டைக் கொண்டாடினோம். இன்று நம் மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பிள்ளைகளின் படிப்பைப் பற்றி நாம் நிறையவே பேசுகிறோம். ஆனால், ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்ற நம் அம்மாக்கள், தாம் கற்ற எழுத்தைப் பிறகு என்ன செய்தார்கள்? அதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

என் தாயார் செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் விற்கப்பட்டதும் நாங்கள் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்தோம். அவருக்குத் தமிழ் நன்றாகவே படிக்கத் தெரியும். ஆனால், தோட்டத்தில் குழாயடியிலும் கோயில் வாசலிலும் இருந்த பேச்சுத் துணை அடுக்குமாடியில் இல்லை. படித்ததைச் சொல்ல ஆள் இல்லாதபோது படிப்பும் மெல்ல மெல்லக் குறைந்துபோகிறது. இந்தக் குறைக்கு எங்கேனும் வழி கண்டார்களா என்று தேடியபோது இரண்டு அனுபவங்கள் கண்ணில் பட்டன.

முதலாவது கனடாவில். 1897இல் ஒன்டாரியோ மாநிலத்தின் ஸ்டோனி கிரீக் என்னும் சிற்றூரில் விவசாயக் குடும்பப் பெண்கள் ஒரு கழகம் அமைத்தனர். அடிலெய்ட் ஹூட்லெஸ் அம்மையார் அதற்குத் தூண்டுகோலாக இருந்தார். வீட்டுச் சுகாதாரம், உணவு, குழந்தை வளர்ப்பு ஆகியவற்றைப் பெண்கள் கூடிக் கற்றுப் பேசினர். இக்கழகங்கள் 1915இல் பிரிட்டனில் வேரூன்றின. 1952இல் உயர் ஆணையர் டெம்ப்ளரின் துணைவியார் இந்த அமைப்பை மலாயாவுக்குக் கொண்டுவந்தார்.

இரண்டாவது அனுபவம் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில். 1991இல் அங்கு அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஆயிரக்கணக்கான தொண்டர்கள் ஊதியமின்றி மாலை நேரங்களில் பாடம் நடத்தினர். கற்க வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வயலிலும் கல்குவாரியிலும் பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்தவர்கள்.

இந்த இயக்கம் எழுத்தோடு நிற்கவில்லை என்பதே இதன் சிறப்பு. பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். வாங்குவதற்கு வங்கிக் கடனும் கிடைக்கச் செய்தார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டியவர்களும் உண்டு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். கல்குவாரிகளின் குத்தகையும் பெண்கள் குழுக்களுக்கு வழங்கப்பட்டது.

எழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அடுத்த ஊர்க் கூட்டத்துக்குப் போக ஒரு பெண் கணவரையோ பேருந்தையோ எதிர்பார்த்திருந்தால், அவள் கற்ற எழுத்தும் வீட்டுக்குள்ளேயே தங்கிவிடும். அவள் தானே புறப்பட்டுப் போக முடிந்தால் எழுத்தும் அவளோடு வெளியே வரும்.

அந்த மாவட்டத்தில் தங்கி ஆராய்ந்த பிரான்சிஸ் கோடி என்னும் மானிடவியலாளர் 2013இல் ஒரு நூல் வெளியிட்டார். கைநாட்டு வைத்துவந்த பெண்கள் தாமே கையெழுத்திட்டு ஆட்சியரிடம் மனுக் கொடுத்ததை அவர் விரிவாக விளக்குகிறார். மனுக் கொடுத்த மாத்திரத்தில் குறை தீர்ந்துவிடுவதில்லை. ஆனால் அந்த மனுவுக்குப் பின்னால் கூடிப் படித்த, கூடிப் பேசிய ஒரு குழு இருக்கிறது. மனு தள்ளிப்போனாலும் குழு கலைவதில்லை. அதுதான் பெரிய லாபம்.

இதிலிருந்து நாம் என்ன கற்கலாம்? புதிதாக எழுத்தறிந்தவர் தொடர்ந்து படிக்காவிட்டால் சில ஆண்டுகளில் அதை மறந்துவிடுவார். தனியாக உட்கார்ந்து படிக்கச் சொன்னாலும் பலருக்கு அது ஓடாது. ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் இடையிடையே கேள்வி கேட்க, “எங்க வீட்டிலயும் இப்படித்தான்” என்று ஒருவர் தொடங்க, அங்கேதான் வாசிப்பு உயிர் பெறுகிறது. கதை கேட்டு வளர்ந்த நம் பெண்களுக்கு இது புதிய முறையும் அல்ல.

ஜோர்ஜ்டவுனிலும் செபராங் பிறையிலும் ஓர் அடுக்குமாடிக்கு ஒரு வட்டம் அமைத்தால் போதும். பத்துப் பேர், இரு வாரத்துக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம். ஒரு சிறுகதை, ஒரு நாளிதழ்ச் செய்தி, சேமநிதியிலிருந்தோ மருத்துவமனையிலிருந்தோ வந்த ஒரு கடிதம். எதைப் படிப்பது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். கடிதம் மலாயில் இருந்தால் மாணவர் பொருள் சொல்லலாம். பாரத்தை நிரப்புவது அவர்கள் கையாகவே இருக்கட்டும். கூட்டம் முடியும்போது, அடுத்த சந்திப்புக்குள் செய்யவேண்டிய ஒரு காரியத்தையும் பேசி வைக்கட்டும்.

மாணவ நண்பர்களே, இதற்கு ஆசிரியராகப் போகவேண்டாம். பாய் விரித்து, புத்தகம் கொண்டுபோய், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும். தோட்டங்கள் கலைந்தபோது நம் தாய்மார்கள் இழந்தவற்றுள் பேச்சுத் துணையும் ஒன்று. அதையாவது திருப்பிக் கொடுக்க நம்மால் முடியும்.